உருகும் பனியின் நேரக் கணக்கு

2023 ஏப்ரல் 4 அன்று, நண்பகலை ஒட்டிய நேரத்தில், கேங்டாக்கிலிருந்து நாதுலா கணவாய்க்குச் செல்லும் ஜவஹர்லால் நேரு சாலையில் பனிச்சரிவு இறங்கியது. சுற்றுலாப் பயணிகள் ஏழு பேர் இறந்தார்கள். பயணிகளுக்கு அன்று பதின்மூன்றாவது மைல்வரைதான் அனுமதி. விபத்து நடந்ததோ பதினைந்தாவது மைலில். அந்த இரண்டு மைல் மீறல் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது, பேசப்பட வேண்டியதும்தான். அதே அளவுக்குப் பேசியிருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அது நேரம். ஏப்ரல் மாதம், நடுப்பகல், செங்குத்தான பனிச் சாய்வுக்கு நேர் கீழே நிற்கும் மனிதக் கூட்டம். பனியைப் படிப்பவர்கள் அஞ்சும் சேர்க்கை இதுதான்.

பனிச்சரிவு என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கும் நினைவுக்கு வருவது 2016 பிப்ரவரி 3. சியாச்சினில் 19,000 அடிக்கும் மேலே காவலிருந்த மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது படைப்பிரிவைச் சேர்ந்த பத்துப் பேர் அன்று புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தத் துயரம் நம் மனத்தில் ஒரு படத்தைப் பதித்துவிட்டது: உச்சிக் குளிர், உறைந்த வெறுமை, மனிதர் எளிதில் போக முடியாத உயரம். அந்தப் படம் உண்மைதான். ஆனால் இமயத்தில் சாலைத் தொழிலாளர்களும் பயணிகளும் சிக்கிக்கொள்ளும் சரிவுகள் பல அந்தப் படத்துக்குள் அடங்குவதில்லை. பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை, குளிர் விலகத் தொடங்கி, கணவாய்ப் பாதைகள் திறக்கத் தொடங்கும் பருவத்தில் அவை நடக்கின்றன. குளிர்காலத்தில் மலையின் ஆபத்து நாள் கணக்கில் கூடிக் குறைகிறது. இளவேனிலில் அது மணிக் கணக்கில் மாறுகிறது. நம் எச்சரிக்கை முறைகளும் வேலைத்திட்டங்களும் இந்த வேறுபாட்டை இன்னும் போதிய அளவு உள்வாங்கவில்லை என்பதே என் கருத்து.

அது ஏன் மணிக் கணக்கில் மாறுகிறது என்பதை அறிய, முந்தைய நவம்பரிலிருந்து தொடங்க வேண்டும்.

விழுந்த பனி விழுந்தபடியே கிடப்பதில்லை. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. இடையிடையே வெயில் ஒரு மேலோட்டை உண்டாக்குகிறது. காற்று ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கத்தில் பாளமாக அடைக்கிறது. தரையை ஒட்டிய அடிப்பனி பெரும்பாலும் பூஜ்யம் டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும், ஏனெனில் பூமியின் வெப்பம் அதற்குக் கீழிருந்து கிடைக்கிறது. மேலே காற்று மைனஸ் இருபதில் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே மூன்று மீட்டர் பனி இருந்தால் வெப்பநிலை மெதுவாக இறங்கும், துகள்கள் உருண்டு திரண்டு ஒன்றோடொன்று பிணையும். அரை மீட்டர் மட்டுமே இருந்தால் அதே இருபது டிகிரி அந்த அரை மீட்டருக்குள் இறங்கியாக வேண்டும். ஒரு மீட்டருக்குப் பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு இருக்கும்போது அடியிலிருந்து நீராவி வேகமாக மேலேறுகிறது. துகள்கள் தம் பிணைப்பை இழந்து, முனைகளும் பட்டைகளும் கொண்ட பெரிய படிகங்களாகின்றன. அள்ளினால் ஒட்டாமல் விரலிடுக்கில் கொட்டிவிடும் இதை மலைக்காரர்கள் சர்க்கரைப் பனி என்கிறார்கள்.

இதிலிருந்து சமவெளிக்காரர்களுக்கு வியப்பளிக்கும் ஒரு முடிவு கிடைக்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் பனி குறைவாகப் பெய்தால் அந்த ஆண்டு பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. மெலிந்த பனியும் கடுங்குளிரும் சேர்ந்தால்தான் அடியில் மிக நலிந்த அடுக்கு உருவாகிறது. பிறகு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் பெரும்பனி கொட்டும்போது, அத்தனை எடையும் அந்தச் சர்க்கரைப் பனியின் மேல்தான் அமர்கிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்திய இடையூறுகள் எனப்படும் வானிலை அமைப்புகள் மேற்கு இமயத்துக்குக் குளிர்காலப் பனியைக் கொண்டுவருகின்றன. அவை ஏப்ரலிலும் வருவதுண்டு. 1979 மார்ச்சில் லாஹௌல் பகுதியில் அடுத்தடுத்து இறங்கிய சரிவுகளில் 200 பேருக்கு மேல் மாண்டார்கள். குளிர்காலம் முடிந்தது என்று நாட்காட்டி சொல்லும் வாரங்களில்தான் அது நடந்தது.

இமயம் முழுவதும் ஒரே பனி கிடையாது. இந்தியப் பனி ஆய்வாளர்கள் மேற்கு இமயத்தை மூன்று மண்டலங்களாகப் பிரிக்கிறார்கள். பீர் பஞ்சாலில் பனி அதிகம், குளிர் ஒப்பளவில் மிதம். காராகோரத்தில் குளிர் கடுமை, உயரம் அதிகம், காற்று ஓய்வதில்லை. நடுவே உள்ள பெரும் இமயத் தொடர் இரண்டின் குணங்களையும் ஓரளவு கொண்டது. பீர் பஞ்சாலில் புயல் முடிந்த ஓரிரு நாளில் பனி பெரும்பாலும் அமைதி கொள்ளும். உள்மலையின் குளிர்ந்த சாய்வுகளிலோ, டிசம்பரில் உருவான நலிவு ஏப்ரல்வரை உயிரோடு காத்திருக்கக்கூடும்.

அப்படிக் காத்திருந்த ஒரு நலிவு என்ன செய்யும் என்பதற்கு, மிக நுணுக்கமாகப் பதிவான நிகழ்வு அமெரிக்காவின் கொலராடோவில் இருக்கிறது. ராக்கி மலையின் அந்தப் பகுதியும் குளிர்ந்த, மெல்லிய பனி கொண்டது. 2013 ஏப்ரல் 20 அன்று லவ்லேண்ட் கணவாய்க்கு அருகே, ஷீப் கிரீக் என்ற இடத்தில், பனிச்சறுக்கு வீரர்கள் ஆறு பேர் மலையேறினார்கள். அந்த ஏப்ரலில் பனி நிறையப் பெய்திருந்தது. வடக்குப் பார்த்த சாய்வுகளில் ஆழத்து அடுக்கு உடையலாம் என்று கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையம் எச்சரித்திருந்தது. அவர்கள் அதைப் படிக்காமல் போனவர்கள் அல்லர். படித்தார்கள், பேசிக்கொண்டார்கள். ஆபத்தான சாய்வின் அடிவாரத்தை இடைவெளி விட்டுக் கடந்து மரங்களடர்ந்த இடத்தை அடைந்துவிடலாம் என்று திட்டமிட்டார்கள். அந்தச் சாய்வின் மேலே அவர்கள் ஏறவே இல்லை. அடிவாரத்தில் நடக்கும்போது காலுக்குக் கீழே பனி 'தொம்' என்று அமிழ்ந்தது. அந்த அமிழ்வு சில நொடிகளில் அடி அடுக்கு வழியாக மேல்நோக்கி ஓடி, உயரத்தில் பாளத்தை அறுத்துவிட்டது. அறுபட்ட விளிம்பின் உயரம் சில இடங்களில் பன்னிரண்டு அடி. ஆறு பேரும் புதைந்தார்கள். ஒரு கையின் முன்பகுதி மட்டும் அசைந்ததால் முகத்தைச் சுற்றிப் பனியை விலக்கிக்கொண்ட ஒருவர், பல மணி நேரத்துக்குப் பின் மீட்கப்பட்டார். மற்ற ஐவரும் இறந்தார்கள். 1962க்குப் பிறகு கொலராடோவில் ஒரே சரிவில் இத்தனை உயிர்கள் போனதில்லை.

இந்த நிகழ்வை நான் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், அதில் அசட்டை இல்லை என்பதுதான். கருவிகள் இருந்தன, அறிவும் இருந்தது. கீழே நின்று மேலே உள்ளதைத் தூண்டிவிட முடியும் என்ற ஒரே உண்மைக்கு மட்டும் திட்டத்தில் போதிய இடம் இல்லை. தட்டையான அடிவாரம் பாதுகாப்பானது என்ற நினைப்பு நம் மலைச் சாலைகளிலும் இருக்கிறது. தேநீர் குடிக்க வண்டியை நிறுத்துபவர்கள் சாய்வின் மேல் நிற்பதில்லை, அதன் காலடியில்தான் நிற்கிறார்கள்.

இதுவரை சொன்னது உலர்ந்த பனியின் கதை. இளவேனில் அதன் மேல் தண்ணீரைச் சேர்க்கிறது.

புதுப்பனி தன் மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். பழைய, ஈரமான, தூசி படிந்த பனி பாதியளவே திருப்பும். மார்ச், ஏப்ரலில் தார் பாலைவனத்திலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வரும் புழுதி இமயப் பனியில் படிகிறது. சூரியனும் உயரே ஏறுகிறது, பகலும் நீள்கிறது. இவை எல்லாம் கூடினாலும் பனி உடனே உருகிவிடுவதில்லை. பூஜ்யம் டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டியை அதே பூஜ்யம் டிகிரித் தண்ணீராக்க 334 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை பூஜ்யத்திலிருந்து எண்பது டிகிரிவரை சூடாக்க ஏறத்தாழ அவ்வளவுதான் வேண்டும். எனவே வெப்பம் முதலில் பனியடுக்கின் குளிரைத் தீர்க்கிறது. மேலிருந்து அடிவரை எல்லா ஆழத்திலும் வெப்பநிலை பூஜ்யமாகும்வரை இது நடக்கிறது. அந்த நிலையை எட்டிய பனியடுக்கு குளிர்காலத்தில் இருந்ததல்ல. அதன்பின் வந்து சேரும் வெப்பமெல்லாம் பெரும்பாலும் நேராகத் தண்ணீராகவே மாறுகிறது.

சிறிதளவு ஈரம் துகள்களை ஒட்டவைக்கும். குழந்தைகள் உருட்டும் பனியுருண்டை அப்படித்தான் நிற்கிறது. துகள்களுக்கிடையே உள்ள வெளியில் தண்ணீர் கூடக்கூட, துகள்களைப் பிணைக்கும் கழுத்துப் பகுதிகள் கரைந்துபோகின்றன. அந்தத் தண்ணீர் ஒரே சீராகவும் இறங்குவதில்லை. ஆங்காங்கே குழாய் போன்ற வழிகளில் இறங்கி, குறுக்கே ஒரு பனிக்கட்டி மேலோடு வந்தால் அதன் மேல் தேங்கிப் பரவுகிறது. குளிர்காலம் முழுக்க உலர்ந்தே கிடந்த பலவீன அடுக்கை ஈரம் முதன்முறை தொடும் நாட்கள்தான் மிகக் கொடியவை. அந்தக் கட்டத்தைக் கடந்து, தண்ணீர் வடியத் தனக்கென்று பாதைகளை ஏற்படுத்திக்கொண்ட பனி, பிந்தைய வாரங்களில் ஒழுங்காக நடந்துகொள்ளும்: இரவில் உறையும், பகலில் இளகும், மறுபடி உறையும். ஐரோப்பியப் பனிச்சறுக்கு வீரர்கள் மே மாதத்தை விரும்புவது இந்த ஒழுங்குக்காகத்தான்.

அந்த ஒழுங்கு முழுதும் இரவைச் சார்ந்தது. தெளிந்த வானத்தின் கீழே பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை விண்வெளிக்குக் கதிர்வீசி இழக்கிறது. காற்றின் வெப்பநிலை பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிட முடியும். மேகம் மூடிய இரவில் இது நடக்காது. மேகம் அந்தக் கதிர்வீச்சைப் பனிக்கே திருப்பியனுப்புகிறது. எனவே வெப்பமானியில் ஒரே எண் காட்டிய இரண்டு இரவுகள் இரண்டு வேறு காலைகளைத் தரும். ஒன்றில் இறுகிய மேலோடு நண்பகல்வரை தாங்கும். மற்றதில் விடியும்போதே பனி கூழாகக் கிடக்கும், ஆபத்து முந்தைய மாலையில் விட்ட இடத்திலிருந்து தொடரும். மலையில் 'நேற்று இரவு வானம் எப்படி இருந்தது?' என்பது ஒப்புக்குக் கேட்கும் கேள்வியல்ல.

பிறகு திசை. கிழக்குப் பார்த்த சாய்வில் சூரியன் காலையிலேயே விழுகிறது, தெற்கில் நடுப்பகலில், மேற்கில் பிற்பகலில். வடக்குச் சாய்வு பல வாரம் தாமதமாக, ஏப்ரல் பிற்பகுதியிலோ அதற்குப் பிறகோ இந்த வரிசையில் சேர்கிறது. ஆபத்து ஒரு நாளுக்குள் மலையைச் சுற்றி நகர்கிறது என்றே சொல்லலாம். காலை எட்டரைக்குப் பாதுகாப்பாக இருக்கும் மேற்குச் சாய்வு மூன்று மணிக்கு இறங்கக்கூடும். கிழக்குச் சாய்வில் பத்து மணிக்கே தாமதமாகிவிட்டிருக்கும். மழை பெய்தால் இந்த வரிசை எதுவும் செல்லாது, எல்லாத் திசையும் ஒரே வேளையில் நனையும்.

சாய்வின் கோணத்தில் மட்டும் இளவேனிலும் குளிர்காலமும் பெரிதாக வேறுபடுவதில்லை. பாளச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிவரையான சாய்வுகளில் தொடங்குகின்றன. அதைவிடச் செங்குத்தான பாறையில் பனி சேரும் முன்பே உதிர்ந்துவிடும். ஈரச் சரிவு உலர்ந்ததைவிட மெதுவாக வரும். உலர்ந்த பனிச்சரிவு மணிக்கு 100 கிலோமீட்டரை எளிதில் தாண்டும், ஈரப்பனி அதில் பாதியைக்கூடத் தொடாமல் போகலாம். இந்த மெதுத்தன்மையில் ஆறுதல் எதுவும் இல்லை. ஈரப்பனி கன மீட்டருக்கு நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ளது. வழியில் மண்ணையும் கல்லையும் மரத்தையும் பிடுங்கிக்கொண்டு வருகிறது. நின்ற கணத்தில் இறுகிவிடுகிறது. புதைந்தவர் விரலைக்கூட அசைக்க முடியாது. தோண்டுபவரின் மண்வாரி அதில் எளிதில் இறங்காது.

இதையெல்லாம் மலையில் நின்று எப்படி அறிவது? பனிக்குழி தோண்டுவது பழைய முறை, இன்றும் மதிப்பிழக்காத முறை. நிழல் விழும் பக்கச் சுவரைச் செங்குத்தாகச் செதுக்கித் தூரிகையால் மெல்லத் தடவினால், நலிந்த அடுக்குகள் உதிர்ந்து கோடுகளாகக் குழிய, இறுகியவை விளிம்புகளாகத் துருத்தி நிற்கும். பிறகு ஒவ்வோர் அடுக்கிலும் கையை அழுத்திப் பார்ப்பார்கள். முட்டி முழுதும் இறங்கினால் மிக மென்மை. அடுத்து நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று கடினம் ஏறும். மென்மையான ஓர் அடுக்கின் மேல் பென்சில் மட்டுமே இறங்கும் பாளம் உட்கார்ந்திருந்தால் முகம் மாறிவிடும். 30 சென்டிமீட்டர் சதுரத் தூண் ஒன்றை அறுத்தெடுத்து, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து என்று தட்டுவதும் உண்டு. எத்தனையாவது தட்டில் தூண் வழுக்குகிறது, வழுக்கிய தளம் வழவழப்பாக இருக்கிறதா என்று குறித்துக்கொள்வார்கள்.

ஆனால் இந்தச் சோதனைகள் உலர்ந்த பாளத்துக்கு ஏற்றவை. ஈரப்பனி விஷயத்தில் காலை ஏழு மணிக்குத் தோண்டிய குழி பதினொரு மணியைப் பற்றி அதிகம் சொல்லாது. அங்கே எளிய அடையாளங்களே கைகொடுக்கின்றன. சுவரில் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெப்பமானியைச் செருகினால் எல்லா ஆழத்திலும் பூஜ்யம் என்று வருகிறதா? கையுறையில் பிடித்து அழுத்தினால் பனி ஒட்டுகிறதா, தண்ணீர் கசிகிறதா? காலணி மேலோட்டின் மேல் நிற்கிறதா, கணுக்கால்வரை இறங்குகிறதா? முழங்கால்வரை இறங்கத் தொடங்கியபின் செங்குத்துச் சாய்வின் மேலோ கீழோ இருக்கக் காரணம் எதுவும் மிச்சமில்லை. பாறை ஓரங்களிலிருந்து சிறு பனியுருண்டைகள் தாமாக உருண்டுவரத் தொடங்குவதும், முகட்டில் காற்று கட்டிவைத்த விளிம்புகள் சொட்டத் தொடங்குவதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன.

மீட்பைப் பற்றிய கணக்கு கடுமையானது. சுவிட்சர்லாந்தின் நாற்பது ஆண்டுத் தரவுகளைக் கொண்டு 2024இல் வெளியான ஆய்வு, முழுதாகப் புதைந்தவர் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டால் பிழைக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்பது என்கிறது. அரை மணியில் அது ஏறத்தாழ மூன்றில் ஒன்றாக விழுகிறது. கொல்வது பெரும்பாலும் குளிரல்ல, மூச்சுத் திணறல். பத்து நிமிடத்துக்குள் எந்த மீட்புப் படையும் மலைக்கு வந்து சேராது. கூட இருப்பவர்தான் மீட்பர். பனிச்சறுக்கு வீரர்கள் சமிக்ஞை அனுப்பிப் பெறும் டிரான்ஸீவரையும் துழாவுகோலையும் மண்வாரியையும் சுமப்பது இதனால்தான். சாலையில் பனி அகற்றும் தொழிலாளியின் உடலில் டிரான்ஸீவர் இருக்க வேண்டும் என்பதை நாம் இன்னும் ஒரு கோரிக்கையாகக்கூட உரக்கச் சொல்லவில்லை.

இந்தியாவில் இளவேனில் பனியோடு மிக நெருங்கிப் பழகுபவர்கள் அந்தத் தொழிலாளர்கள்தான். ஆல்ப்ஸிலும் ராக்கியிலும் இந்தப் பருவத்தில் மலைக்குப் போகும் பெரும்பாலோர் விருப்பத்தால் போகிறார்கள். நேரத்தை அவர்களே தேர்ந்துகொள்கிறார்கள், வேண்டாமென்றால் வீட்டிலிருந்துவிடுகிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் பீகாரிலிருந்தும் எல்லைச் சாலைப் பணிக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு அந்தத் தேர்வு கிடையாது. எங்கே தூங்குவது, எத்தனை மணிக்கு வேலை தொடங்குவது என்பதெல்லாம் வேறு யாரோ தீர்மானிப்பவை.

காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் ஜோஜிலாவைப் பாருங்கள். சுமார் 3,500 மீட்டர் உயரம். முன்பெல்லாம் குளிர்காலத்தில் மாதக் கணக்கில் மூடிக்கிடந்த கணவாய் இது. 2021இல் 110 நாள் மூடியிருந்தது, 2022இல் 73, 2023இல் 68, 2024இல் 35, 2025இல் 32 என்று ஆண்டுக்காண்டு குறைந்துவந்திருக்கிறது. சாதனை என்று இது கொண்டாடப்படுகிறது. லடாக் மக்களுக்கும் எல்லைப் படைகளுக்கும் அதன் பயன் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் ஏப்ரல் கடைசியில் நடந்த பனி அகற்றும் வேலை மார்ச்சுக்கு நகர்ந்திருக்கிறது. வெட்டப்படும் ஒவ்வொரு பனிச்சுவரும் ஒரு சாய்வின் காலடியில் வெட்டப்படுகிறது. அந்தச் சாய்வு தன் குளிர்காலப் பனியில் பெரும்பகுதியை இன்னும் இறக்கி வைக்காத நிலையில், அதன் கீழே இயந்திரங்களும் மனிதர்களும் நிற்கிறார்கள். திறந்த தேதியைச் செய்திக்குறிப்பில் போடுபவர்கள், ஒவ்வொரு நாளும் எத்தனை மணிக்கு வேலை நிறுத்தப்பட்டது என்பதையும் பதிந்து வெளியிட்டால் அதுவும் சாதனைக் கணக்கில் சேரும்.

2021 ஏப்ரல் 23 அன்று, பிற்பகல் நான்கு மணியளவில், உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் சும்னாவுக்கு அருகே எல்லைச் சாலைகள் அமைப்பின் முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்தது. அதற்கு முன் பல நாட்களாக மழையும் பனியும் விடாமல் பெய்திருந்தன. ராணுவம் 384 பேரை மீட்டது. குறைந்தது பதினைந்து பேர் இறந்தார்கள். அதே சமோலியில், 2025 பிப்ரவரி 28 விடியற்காலையில், பத்ரிநாத்துக்கு அப்பாலுள்ள மானா கிராமத்தருகே தொழிலாளர் முகாம் புதைந்தது. கன்டெய்னர் அறைகளில் இருந்த 54 பேரில் 46 பேர் உயிரோடு மீட்கப்பட்டார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். எஃகுப் பெட்டிகள் நசுங்காமல் காற்றை அடைத்து வைத்திருந்தது பலரைக் காப்பாற்றியது. முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்கே, சண்டிகரில் உள்ள பாதுகாப்புப் புவித்தகவலியல் ஆராய்ச்சி நிறுவனம் சமோலி உட்பட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேலுள்ள இடங்களுக்கு இருபத்துநான்கு மணி நேரப் பனிச்சரிவு எச்சரிக்கை விடுத்திருந்தது.

மானாவில் சரிவு விடியற்காலையில் வந்தது என்பதை வைத்து, மேலே சொன்ன நேரக் கணக்கு பொய்த்துவிட்டது என்று கருத வேண்டாம். புதுப்பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது சூரியனுக்கு வேலையில்லை, எடையே சரிவைத் தள்ளிவிடும். அப்போது உதவக்கூடியது இடம் மட்டுமே. மலையைக் கடப்பவரை நேரம் காக்கும். மலையில் தங்குபவரை அப்படிக் காக்க முடியாது, அவர் இருபத்துநான்கு மணி நேரமும் அங்கேயே இருக்கிறார். அவருடைய முகாம் சரிவுப் பாதையில் இருக்கிறதா என்பதை முகாம் போடும் முன்பே பார்த்தாக வேண்டும். சரிவுப் பாதைகள் மறைந்திருப்பவையும் அல்ல. காட்டின் நடுவே மரமற்ற பட்டையாக, விசிறி போல் விரிந்த கற்குவியலாக, ஒரே பக்கம் கிளையொடிந்த மரங்களாக அவை கோடையிலும் கண்ணுக்குத் தெரியும்.

அந்த மரங்களுக்கு நினைவும் உண்டு. இமாச்சலத்தில் மணாலிக்கு மேலுள்ள சாய்வுகளில் ஜெனீவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலெஸ்டெரோஸ்-கனோவாஸ், ஸ்டோஃபெல் ஆகியோரின் குழு மரவளையங்களை ஆராய்ந்து 2018இல் முடிவுகளை வெளியிட்டது. பனிச்சரிவு மோதிய மரம் அந்த ஆண்டு வளையத்தில் தழும்பையும் பிசின் நாளங்களின் வரிசையையும் விட்டுச்செல்கிறது. சாய்க்கப்பட்ட மரம் நிமிர முயன்று ஒரு பக்கம் தடித்து வளர்கிறது. இவற்றைக் கொண்டு ஏறத்தாழ 150 ஆண்டுப் பனிச்சரிவு வரலாற்றை அவர்கள் மீட்டெடுத்தார்கள். அண்மைப் பத்தாண்டுகளில் சரிவுகள் கூடியிருக்கின்றன என்பதும், குளிர்காலத்திலும் இளவேனில் தொடக்கத்திலும் கூடிய வெப்பம் பனியை நனைத்து ஈரச் சரிவுகளைத் தாழ்ந்த சாய்வுகள்வரை கொண்டுவருகிறது என்பதும் அவர்கள் கண்டவை. புவி சூடானால் பனி குறையும், பனி குறைந்தால் பனிச்சரிவும் குறையும் என்ற எளிய கணக்கு அந்த மலையில் பொருந்தவில்லை. சாலையும் விடுதியும் முகாமும் அதே தாழ்ந்த சாய்வுகளை நோக்கித்தான் பெருகிவருகின்றன என்பது என் கவலை.

இந்தியாவுக்கு இதில் பழம் அனுபவம் இல்லாமலில்லை. மணாலியில் 1969இல் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு மையம் அரை நூற்றாண்டு உழைத்தது. 2020இல் அதை வேறொரு ஆய்வகத்தோடு இணைத்துத்தான் சண்டிகர் நிறுவனம் உருவானது. எச்சரிக்கைகள் வருகின்றன, மானாவிலும் வந்தது. குறை அவற்றின் அலகில் இருக்கிறது. ஒரு மாவட்டம், ஓர் உயர வரம்பு, ஒரு முழு நாள் என்று சொல்லப்படும் எச்சரிக்கை ஆட்சியருக்குப் பயன்படும். சாலையின் எட்டாவது கிலோமீட்டரில் இயந்திரத்தை ஓட்டுபவருக்கு, கிழக்குப் பார்த்த சாய்வின் கீழே பத்து மணிக்கு மேல் நிற்காதே என்று யாராவது சொல்ல வேண்டும். ஆஸ்திரிய டைரால், இத்தாலியின் தெற்கு டைரால், ட்ரென்டினோ ஆகிய மூன்றும் 2018 இறுதியிலிருந்து கூட்டாக வெளியிடும் அறிக்கையில், தேவைப்படும் நாட்களில் காலைக்கு ஒரு வரைபடமும் பிற்பகலுக்கு வேறொரு வரைபடமும் இருக்கின்றன. இளவேனில் பனிக்கு இதுதான் குறைந்தபட்ச அலகு.

இதை நம் சாலைகளுக்குக் கொண்டுவர, மலை முழுவதையும் ஒரே நாளில் அளக்க வேண்டியதில்லை. ஜோஜிலா, நாதுலா, மலாரி–சும்னா போன்ற பாதைகளில் மீண்டும் மீண்டும் சரிவு இறங்கும் பாதைகள் பெரும்பாலும் தெரிந்தவையே. அவற்றின் மேலே பனியின் உள்வெப்பத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும் மணிக்கொரு தரம் அனுப்பும் தானியங்கி நிலையங்கள் வேண்டும். பனியடுக்கு முழுதும் பூஜ்யத்தை எட்டிய நாளும் இரவில் உறையத் தவறிய நாளும் அதில் தெரிந்துவிடும். அந்தச் செய்தி தொழிலாளர்கள் பேசும் மொழிகளில், இந்தியில் மட்டுமின்றிச் சந்தாலியிலும் போஜ்புரியிலும், விடியும் முன் முகாமுக்குப் போக வேண்டும். வேலையை நிறுத்தும் அதிகாரம் தலைமையகத்தில் இருந்து பயனில்லை. சாய்வின் கீழே நிற்கும் மேற்பார்வையாளரிடம் அது இருக்க வேண்டும். நிறுத்திய நாளுக்கும் கூலி உண்டு என்பது எழுத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அதிகாரத்தை யாரும் பயன்படுத்த மாட்டார்கள்.

ரோஹ்தாங்கின் அடியில் 2020இல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை, ஒரு கணவாயின் மேல் நடக்கும் ஆண்டுதோறுமான போராட்டத்தைப் பெருமளவு தேவையற்றதாக்கியது. ஜோஜிலாவின் அடியிலும் சுரங்கப்பாதை வேலை நடந்துவருகிறது. அது முடிந்தால் அந்தக் கணவாயின் பனிச்சுவர்களை வெட்டும் கைகள் குறையும். சும்னாவுக்கும் நாதுலாவுக்கும் போகும் சாலைகள் திறந்த மலையின் மேலேதான் போகின்றன. அவற்றில் அடுத்த மார்ச்சிலும் பனி அகற்றத் தொடங்குவார்கள்.